பெரியாக்கள் வெளியிலை இருங்கோ

என் பேத்தியின் கண்ணுக்கு மருந்து பார்த்த டொக்டரிடம் நான் பொய் சொன்னேன். வாய் தவறி ஒருமுறை சொன்னது அல்ல, அவர் கேட்ட ஒவ்வொரு முறையும் சொன்னேன். அந்தப் பொய்யைக் கொண்டு நான் மறைத்த காரியத்தால் பேத்தியின் இடக்கண் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டது. பொய்யால் வேறொரு பிள்ளையின் கண்ணில் வடு விழுந்தது. அந்தப் பிள்ளையை எனக்கு முன்பின் தெரியாது.

நான் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கண்ணின் குறுக்குவெட்டு முகத்தைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைந்து காட்டுவேன். பிள்ளைகள் அதற்காகவே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த டொக்டரும் என்னிடம் படித்தவர்தான். வடமராட்சிக் கரையோரத்தில் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை. அவள், இவள் என்று சொல்லியே எனக்குப் பழக்கம். இங்கே அவர் என்று எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அவர் எங்கள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் நடத்தினார். தனக்கென்று போட்டிருந்த கதிரையில் அவர் இருந்து நான் கண்டதில்லை. கால் குட்டையான ஒரு ஸ்டூலில் இருப்பார். பிள்ளையைக் கதிரையில் ஏற்றி இருத்துவார். அதனால் பிள்ளை குனிந்து அவரைப் பார்க்கும், அவர் நிமிர்ந்து பிள்ளையைப் பார்ப்பார். பிள்ளை இருந்தவுடன் அவர் முதலில் சொல்வது ஒரே வசனம்தான்.

"பெரியாக்கள் வெளியிலை இருங்கோ."

இதனால் தினமும் சண்டை. ஒரு தாய் வாசலில் நின்று வாதாடியது ஞாபகம் இருக்கிறது.

"டொக்டர், அவனுக்கு ஒண்டும் சொல்லத் தெரியாது. நான் சொல்லுறன்."

"கண் உங்கடையோ, அவன்ரையோ?"

"அவன்ரைதான்."

"அப்ப அவன் சொல்லட்டும். நீங்கள் அந்த வாங்கிலை இருந்து கொஞ்சம் இளைப்பாறுங்கோ. வீட்டிலை உங்களுக்கு அதுக்கு நேரம் கிடையாது."

உள்ளே ஒரு தாதி, மிஸி என்போம், எப்போதும் நிற்பார். கதவு பாதி திறந்திருக்கும். ஆனால் பெற்றோர் வெளியே போட்ட நீளமான மர வாங்கில்தான் இருக்கவேண்டும். விசாரணை முடிந்த பிறகு கூப்பிட்டு, மருந்து விடும் விதத்தைச் சொல்லிக் கொடுப்பார். "கண் கதைக்காது, பிள்ளை கதைக்கும். நாங்கள்தான் விடுறேல்லை" என்பார்.

அவருடைய முதல் கேள்வி, "சொறியுதோ, நோகுதோ?" சிவந்த கண் எல்லாம் கண்நோய் என்று நம்மவர்களுக்கு ஒரே பெயர். அவருக்கு அது பல நோய். சொறிந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. நொந்தால் வேறெதையோ தேடவேண்டும். காலையில் இமை மஞ்சளாக ஒட்டிக்கிடந்தால் கிருமி. கண்ணின் மூலையிலிருந்து வெள்ளை நூல் போல இழுபட்டு வந்தால் மறுபடியும் ஒவ்வாமை. பிறகு மேலிமையை ஒரு பஞ்சுக் குச்சியால் புரட்டிப் பார்ப்பார். நாளடைந்த ஒவ்வாமை என்றால் உட்புறம் பொருக்குப் பொருக்காக இருக்கும். சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "பார், உன்ரை கண்ணுக்குள்ளை பிலாப்பழத் தோல்" என்பார். அழுதுகொண்டு வந்த பிள்ளைகள்கூட மற்றக் கண்ணையும் புரட்டிக் காட்டச் சொல்லிக் கேட்கும்.

ஒரு சிறுமிக்கு எந்த மருந்தும் பிடிக்கவில்லை. எப்போது சொறியும் என்று தாயைக் கேட்டால், எந்த நேரமும் என்றார். பிள்ளையைக் கேட்டால், வெள்ளிக்கிழமை என்றது. வெள்ளிக்கிழமை முழுகவார்த்து, ஈரத்தலையைச் சாம்பிராணிப் புகையில் பிடித்து உலர்த்துவது அந்த வீட்டு வழக்கம். தாயைக் கூப்பிட்டுச் சொன்னபோது தாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமிக்குக் காட்டுறதை நிப்பாட்டச் சொல்லுறியளோ?"

"சாமிக்கு வடிவாக் காட்டுங்கோ. பிள்ளையின்ரை மூஞ்சிக்குக் காட்டாதேங்கோ."

மருந்து எழுதுவதில் அவருக்குச் சரியான கஞ்சத்தனம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த லேஞ்சித் துணியைக் கண்ணில் வைக்கச் சொல்வார். வெளியில் போய் வந்தால் முகம் கழுவச் சொல்வார். தலையணை உறையை வெந்நீரில் தோய்க்கச் சொல்வார். இதைக் கேட்பதற்கோ பஸ் ஏறி வந்தோம் என்று சனம் முணுமுணுக்கும். 'லேஞ்சி டொக்டர்' என்று அவருக்குப் பட்டம் வைத்திருந்தார்கள். "உந்த லேஞ்சி டொக்டரிட்டை வாறதிலும் பார்க்க வீட்டுக் கிணத்தடியிலை இருக்கலாம்" என்று ஒருவர் வாங்கிலிருந்து சத்தமாகச் சொன்னார். உள்ளேயிருந்து பதில் வந்தது. "இருங்கோ அண்ணை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் இருத்துங்கோ. பாதி வருத்தம் போகும்."

இவ்வளவும் நான் எப்படிக் கண்டேன் என்றால், வெளியே இருக்க வேண்டியவர்களில் என்னை அவர் சேர்க்கவில்லை. நான் பேத்தியோடு முதல் நாள் போனபோது அவர் ஸ்டூலிலிருந்து எழும்பி நின்றார். "சேர், நீங்கள் வெளியிலை இருக்கிறதோ?" என்று, தான் பாவிக்காத அந்தக் கதிரையை இழுத்து மூலையில் போட்டார். அடுத்த பிள்ளைகள் வரும்போதும், "இருங்கோ சேர், வெயில் தணியட்டும்" என்பார். அந்தக் கதிரையில் இருக்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய மாணவர்கள் எங்கும் இருக்கும் ஊரில் ஒரு வாத்தியாருக்கு வரிசை என்பது கிடையாது. வங்கியிலும் அரசாங்கக் கச்சேரியிலும் எனக்குக் கதிரை கிடைத்துப் பழக்கம்.

பேத்தி அப்போது ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கவேண்டிய வருடம். மகளின் கணவர் வெளிநாட்டில் இருந்ததால் மகளும் பேத்தியும் சண்டிலிப்பாயில் என்னோடுதான் இருந்தார்கள். பிள்ளையைப் படிப்பிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். சோளகக் காற்றுத் தொடங்கி, உழுத தோட்டங்களிலிருந்து செம்மண் தூள் கிளம்பினால் அவள் கண்ணைக் கசக்கத் தொடங்குவாள். கசக்கிக் கசக்கி இரண்டும் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் தொற்றிவிடும் என்று திருப்பி அனுப்பினார்கள். இது தொற்றாது என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார். சொறிவைத் தணிக்க ஒரு துளிமருந்தும் தந்தார். "இது ஆறுதலா வேலை செய்யிற மருந்து சேர். கிழமைக்கணக்கா விடவேணும். அவசரப்படாதேங்கோ."

ஒருமுறை மிகவும் மோசமானபோது மட்டும் இன்னொரு சின்னப் போத்தல் தந்தார். தந்தபோது அவர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருக்கிறேன்.

"சேர், இது ஸ்டீரொயிட் மருந்து. நல்ல மருந்து, பொல்லாத மருந்தும். ஒரு கிழமைதான். நான் சொல்லாமல் பேந்து ஒரு துளியும் விடப்படாது. நெடுக விட்டால் கண்ணுக்குள்ளை அழுத்தம் கூடி நரம்பு பழுதாப்போகும். பிள்ளைக்கு நோகாது. நோகாதபடியாத்தான் எனக்குப் பயம்."

அந்தப் போத்தல் என்னை மயக்கிவிட்டது. இரண்டாம் நாளே கண் வெளுத்தது. பிள்ளை எழும்பியிருந்து கணக்குச் செய்தாள். ஒரு கிழமை முடிந்து நிறுத்தினோம். காற்று நிற்கவில்லை. கண் மறுபடி சிவந்தது. பரீட்சை கிட்டிக்கொண்டு வந்தது.

நான் வெறும் போத்தலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு பாமசிக்குப் போனேன். அதை நடத்துகிறவனும் என் மாணவன்.

"டொக்டரின்ரை துண்டு கிடக்கோ சேர்?"

"டொக்டர் தந்த மருந்துதான். போத்தலைப் பார்."

"சேர் கேட்டு இல்லையெண்டுறதோ" என்று எடுத்துத் தந்தான்.

மகள் அது டொக்டர் தந்த மருந்து என்றே நினைத்தாள். பேத்திக்கு மட்டும் தெரியும். "உதை டொக்டரிட்டைச் சொல்லவேண்டாம். அவ ஏசுவா" என்று அவளுக்குச் சொல்லி வைத்தேன். கிளினிக் நாள் வந்தபோது ரியூசன் இருக்கிறது என்று அனுப்பவில்லை. அடுத்த கிளினிக்குக்கும் அனுப்பவில்லை. போத்தல் முடிந்தால் இன்னொன்று வாங்கினேன். பரீட்சையோடு நிறுத்தவேண்டும் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்தும், கண் சிவக்கும்போதெல்லாம் கை அந்தப் போத்தலுக்குத்தான் போனது.

பேத்தி பரீட்சையில் சித்தியடைந்தாள். பேப்பரில் படம் போட்டோம். அந்தப் படத்தில் அவளுடைய கண்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன.

அதன்பிறகுதான் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். இன்னொரு முறை அளந்தார். ஸ்டூலைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"சேர், நான் தந்ததைவிட வேறை ஏதும் மருந்து விட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

பேத்தி என்னைப் பார்த்தாள். டொக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் வாங்குக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். பிள்ளை வாய் திறந்திருக்கும். நான் மூலைக் கதிரையில் இருந்தேன். அவர் தன் வாழ்நாளில் விடாத ஒரு வழக்கத்தை எனக்காக விட்டார்.

வீட்டுக்கு வந்து போத்தலை வாழைப்பாத்திக்குள் எறிந்தேன். அழுத்தத்தைக் குறைக்க டொக்டர் கொடுத்த மருந்தை நேரம் தவறாமல் விட்டோம். அழுத்தம் மெல்ல இறங்கியது. ஆனால் இடக்கண் நரம்பில் ஏற்பட்ட பழுது மாறாது. வெளிப்பக்கமாக வருகிற எதுவும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் அதையே கேட்பார். "சேர், ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. வேறை ஏதும்?" நானும் ஒவ்வொரு முறையும் யோசிப்பது போல இருந்துவிட்டு, இல்லை என்பேன்.

ஒரு நாள் மகளும் கூட வந்தாள். அவள் வாசலில் நின்றபடியே, வாங்கில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கேட்டாள்.

"நீங்கள் அண்டைக்குத் தந்த மருந்தாலைதானே என்ரை பிள்ளைக்கு இப்பிடி வந்தது?"

டொக்டர் எழும்பி நின்றார். "ஓமக்கா. அப்பிடித்தான் கிடக்கு. சில பிள்ளையளுக்குக் கொஞ்ச மருந்திலையே ஏறும். நான் அதைக் கெதியாப் பிடிச்சிருக்கவேணும். கிளினிக்குக்கு வரேல்லை எண்டவுடனை ஆளை விட்டு விசாரிச்சிருக்கவேணும்."

அவர் அதை ஒத்துக்கொண்டு நின்றபோது நான் அவர் இழுத்துப் போட்ட கதிரையில் இருந்தேன். எழும்பவில்லை.

பிறகு ஒரு பையன் வந்தான். கரையோரத்திலிருந்து தாய் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பேத்திக்கு இருந்த அதே ஒவ்வாமைதான், அதைவிடப் பொல்லாதது. இமையின் பொருக்கு உரசி உரசிக் கருவிழியில் புண் வந்திருந்தது. டொக்டர் அலுமாரியைத் திறந்து அந்தச் சின்னப் போத்தலை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்ப வைத்துவிட்டு, கொழும்பு ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லித் துண்டு எழுதினார்.

தாய் போன பிறகு என்னிடம் சொன்னார். "சேர், உவனுக்கு அந்த மருந்துதான் சரி. பத்திலை ஒன்பது டொக்டர் குடுப்பினம். எங்கடை பிள்ளைக்கு நடந்ததுக்குப் பிறகு எனக்கு அந்தப் போத்தலைத் தொடக் கை வருதில்லை."

எங்கடை பிள்ளை என்று அவர் சொன்னது என் பேத்தியை. அப்போதும் நான் சொல்லவில்லை. ஏதோ ஆறுதல் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அந்தத் தாயால் உடனே கொழும்புக்குப் போக முடியவில்லை. வீட்டில் கைக்குழந்தை, கணவன் கடலில். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது புண் ஆழமாகிவிட்டது. பிறகு ஒரு கிளினிக் நாளில் அந்தப் பையனைக் கண்டேன். கருவிழியில் சோற்றுப் பருக்கை ஒட்டியது போல ஒரு வெள்ளை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மூலைக் கதிரையில் எப்போதும் இருக்கிற கிழவன் என்று அடையாளம் வைத்திருக்கிறான்.

அன்றைக்கும் பேசாமல்தான் வீட்டுக்கு வந்தேன். அன்று பின்னேரம் மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைச் சுளகில் போட்டுவிட்டு எழும்பிப் போனாள். அதன்பிறகு நெடுநாள் சாப்பாடு மேசையில் இருந்தது, பேச்சு இருக்கவில்லை. அடுத்த கிளினிக்கில் பேத்தியைக் கதிரையில் இருத்தியவுடன் டொக்டரிடம் சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன்.

அவர் பேனையை எடுத்துத் திறந்தார். பிறகு, "எவ்வளவு காலம் சேர்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனையை மூடினார்.

"எனக்குச் சந்தேகம் வந்தது சேர். முதல் நாளே வந்தது. உங்களைத் திருப்பிக் கேக்கக் கூச்சமாக் கிடந்தது. பிள்ளையைத் தனியக் கேட்டிருக்கவேணும். மற்ற எல்லாப் பிள்ளையளையும் கேக்கிறனான். அது என்ரை பிழை."

"உன்ரை பிழை இல்லைப் பிள்ளை."

"அதை நீங்கள் சொல்லேலாது சேர்."

குரல் உயரவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "இப்ப நீங்கள் வெளியிலை இருங்கோ. நான் பிள்ளையோடை கதைக்கவேணும்."

இதற்குப் பின் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் அந்தச் சின்னப் போத்தலை மறுபடி கொடுக்கத் தொடங்கினார். கொடுத்தால் கிழமைக்கு ஒருமுறை பிள்ளையைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினார். என்னைக் கண்டால் முன்போலவே எழும்பி நிற்பார், சேர் என்பார். மூலைக் கதிரை மட்டும் அங்கே இல்லை. பிறகு மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். வருடாந்த மாற்றம்தான், என்னால் அல்ல என்று மிஸி சொன்னார். நான் அதை நம்ப விரும்புகிறேன். எனக்கு மருந்து தந்த மாணவனிடமும் போனேன். துண்டு இல்லாமல் அந்த மருந்தை யாருக்கும் கொடுக்காதே என்றேன். "சரி சேர். ஆனா சேர் மாதிரி ஆக்கள் வந்து கேட்டா நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?" என்றான். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டான்.  பேத்திக்கு இப்போது சோளகத்தில் அவ்வளவு சொறிவதில்லை, வயதோடு குறையும் என்று டொக்டர் சொன்னபடியே குறைந்துவிட்டது. இடப்பக்கம் கதவு நிலையில் மட்டும் அடிக்கடி இடித்துக்கொள்கிறாள். இடித்துவிட்டு, ஒன்றும் இல்லை அம்மப்பா என்கிறாள்.

டொக்டர் என்னை வெளியிலை இருக்கச் சொன்ன அன்றைக்கு, நான் வெளியே வந்தபோது வாங்கு நிறைய ஆட்கள். கரையோரத்துப் பையனின் தாயும் அதில் இருந்தாள். பையன் அவளுடைய மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன ஐயா, இண்டைக்கு உங்களையும் வெளியிலை விட்டிட்டாவோ?"

"ஓம் தங்கச்சி."

"இருங்கோ, இருங்கோ. இஞ்சை வந்தா எல்லாரும் ஒண்டுதான்." பையனின் காலை மடக்கி, பக்கத்து ஆளை நகரச் சொல்லி எனக்கு இடம் பண்ணித் தந்தாள். தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினாள்.

வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், அவளுக்கும் சொன்னேன். முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. "உங்கடை பேத்தியின்ரை கண்ணுக்கும் என்ரை மோன்ரை கண்ணுக்கும் என்ன சம்பந்தம் ஐயா?" என்றாள். டொக்டர் போத்தலை எடுத்துத் திரும்ப வைத்ததைச் சொன்னேன். ஏன் வைத்தார் என்று சொன்னேன். அந்தக் காரணம் என் வாயிலிருந்து வந்த பொய் என்று சொன்னேன்.

அவள் என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லது. அவள் பையனை மெல்ல எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டாள். எழும்பிப் போய்ச் சுவரோரம் நின்றாள். நிற்க முடியாத பாரம், பையன் வளர்ந்தவன். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.  அவளுடைய தண்ணீர்ப் போத்தல் என் கையில் இருந்தது.

பாதி திறந்த கதவுக்குள்ளே டொக்டர் ஏதோ கேட்டார். பிறகு என் பேத்தியின் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. நிறுத்தாமல், நீண்ட நேரம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.